எம்1 கார்பைன் நகலில் எந்த ராணுவப் பாகமும் பொருந்துமா?

எம்1 கார்பைன் என்பது அமெரிக்க ராணுவத்தின் எடை குறைந்த குட்டை ரகத் துப்பாக்கி. "எம்1 கார்பைனின் வணிக நகல் பழுதானால் கவலை வேண்டாம், அமெரிக்க ராணுவத்தின் உபரிப் பாகம் எதுவானாலும் அப்படியே பொருந்தும்" என்றொரு தகவல் சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

இரண்டாம் உலகப் போரின்போது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்1 கார்பைன்கள் தயாராயின. ஐபிஎம், தட்டச்சுப் பொறி செய்த அண்டர்வுட், காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி செய்த ராக்-ஓலா (ஆம், அவர்களும்தான்!) எனப் பத்து முதன்மை ஒப்பந்ததாரர்கள். ஒருவர் செய்த பாகம் மற்றவரின் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. போருக்குப் பின் வந்த வணிக நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஃபுளோரிடாவின் யுனிவர்சல் நிறுவனம் தொடக்கத்தில் உபரிப் பாகங்களைத்தான் பயன்படுத்தியது. பிறகு வடிவமைப்பையே மாற்றிவிட்டது. ராணுவ கார்பைனில் மீள்சுருள் (சுட்டபின் பின்னோக்கிப் போகும் பாகங்களை மீண்டும் முன்னே தள்ளும் சுருள்வில்) ஒன்று. யுனிவர்சலின் பிற்கால நகலில் இரண்டு. பூட்டை (தோட்டா அறையின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) இயக்கும் சறுக்குப் பாகமும் வேறு. ராணுவச் சறுக்கு அதில் உட்காராது.

எனவே தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, பிரித்து, மீள்சுருள்களை எண்ணிய பிறகே பாகம் தேட வேண்டும். பொருந்தாததை அரத்தால் தேய்த்துப் பொருத்தித் தருவதாகச் சொல்பவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்: பூட்டு முழுதாக விழாமலே வெடிக்கக்கூடும்.