சோம்பேறி அல்ல, பாபி ஓர்

தம்பி, ஐஸ் ஹாக்கி வீரர் பாபி ஓரை (Bobby Orr), 'பணத்துக்காகச் சிகாகோவுக்குப் போய், 26 ஆட்டங்களோடு ஒதுங்கிக்கொண்ட சோம்பேறி' என்று எழுதியிருக்கிறீர்கள். 26 என்ற எண் சரி, காரணம்தான் தவறு. இடது முழங்காலில் அறுவைக்கு மேல் அறுவை. 1977-78 பருவம் முழுக்க அவரால் களமிறங்கவே முடியவில்லை. ஆடாத காலத்துச் சம்பளக் காசோலைகளை அவர் மாற்றவும் இல்லை. 30 வயதிலேயே ஓய்வு. அதற்கு முன், பாஸ்டனில், தொடர்ந்து 8 முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது. கோல்களையும் கோலுக்கான உதவிகளையும் சேர்த்து எண்ணும் வீரர்களின் புள்ளிப்பட்டியலில், இருமுறை லீக்கிலேயே முதலிடம். வேறு எந்தத் தற்காப்பு வீரரும் அதைத் தொட்டதில்லை.

பாம்பனில் கரைவலை இழுத்த என் அப்பா, முட்டிச் சவ்வு தேய்ந்த பிறகு ஒரு விடியலில் ஈரமணலில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார், நிற்கவில்லை. கயிற்றைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்தார். அவரை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை நீக்கிவிடுங்கள்.