சால்வை வேண்டாம், வழி விடுங்கள்
108 ஆம்புலன்ஸ் ஊழியர்களை ஆண்டுக்கொரு முறை மேடையேற்றிச் சால்வை போர்த்தினால் ஊரின் கடமை முடிந்தது என்பதுபோல், அவர்களைப் பாராட்டுவது பற்றி இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. வண்டி விரைவாகவே வந்துவிட்டது, ஆனால் எங்கள் தெருமுனையில் காதுகுத்து வீட்டார் பந்தலைச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். பந்தலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட எழுந்து கை கொடுக்கவில்லை (மறுநாள் நலம் விசாரிக்க மட்டும் கூட்டமாக வந்தார்கள்). மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத வாகன ஓட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு. பந்தலுக்கு யார் அபராதம் போடுவது? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘சம்பளத்துக்குத்தானே வேலை செய்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறார். பன்னிரண்டு மணி நேரப் பணியை எட்டு மணியாகக் குறைக்கக் கேட்டு அவர்கள் பலமுறை போராடியது அவருக்குத் தெரியாதா? எங்கள் ஊர்ச் சாலையோரப் புளியமரத்தடியில்தான் அந்த வண்டி நிற்கிறது. அங்கே கழிப்பறை கிடையாது. பெண் உதவியாளர் பணியில் இருக்கும் நாட்களில் எதிரிலுள்ள டீக்கடைக்கார அம்மா தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார். அவரை எந்த மேடைக்கும் யாரும் அழைத்ததில்லை.