ஸ்கேனில் தெரியாவிட்டால் மூளையில் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் நடந்த அறிவியல் கூட்டத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். முடியவில்லை. "ஸ்கேனில் தெரியாதது மூளையில் இல்லை, ஈஈஜி எல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம்" என்று மேடையில் பேசியவர் சொன்னதும் மண்டபமே கைதட்டியது. (ஈஈஜி என்பது தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாகப் பதிவுசெய்யும் சோதனை.) கேள்வி கேட்க எழுந்த என்னை உட்காரச் சொன்னார்கள்.

திரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டியது எஃப்எம்ஆர்ஐ படம். அது எண்ணத்தைப் பிடித்த படம் இல்லை. மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ஆக்சிஜனோடு ரத்தம் கூடுதலாக ஓடுகிறதே, அந்த ஓட்டத்தின் கணக்கு. அதுவும் ஐந்தாறு நொடி பிந்தித்தான் உச்சத்துக்கு வரும். வாய்க்காலைப் பார்த்துத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று சொல்லலாம். பயிருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியுமா? நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 1924இல் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையில் முதலில் பதிவுசெய்த ஈஈஜியோ, நரம்பு செல்களின் மின்சாரத்தையே மில்லிநொடிக் கணக்கில் பிடிக்கிறது. எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதில்தான் தடுமாறும். ஒன்று இடத்தைச் சொல்கிறது, மற்றது நேரத்தைச் சொல்கிறது. இதில் அந்தக் காலம் எங்கே வந்தது?

"நீ என்ன டாக்டரா?" என்பீர்கள். இல்லை. என் தங்கைக்கு 11 வயதில் வலிப்பு வந்தது. கொல்லையில் விழுந்தவள் கையில் பக்கத்து வீட்டு அத்தை சாவிக்கொத்தைத் திணித்தார். நடவுக்கு வைத்திருந்த பணத்தில் தஞ்சாவூரில் எம்ஆர்ஐ எடுத்தோம். அது மூளையின் உருவத்தைக் காட்டுவது, கூட்டத்தில் காட்டியது வேறு. எல்லாம் நார்மல். "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லையாம், பள்ளிக்கூடம் போகப் பயந்து நடிக்குது" என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். அப்பாவும் நம்பிவிட்டார். ஒரு நாள் அவளை அடித்தார்.

அப்புறம் ஒரு டாக்டர், தூக்கம் கெடுத்து ஈஈஜி எடுங்கள் என்றார். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். அவள் கண் அசராமல் இருக்க அம்மா விடிய விடிய அவளோடு பல்லாங்குழி ஆடினாள். காலையில் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். அவள் தூங்கிய கொஞ்ச நேரத்தில் கோடுகள், வலிப்பு நோயின் அடையாளமாக, ஊசி ஊசியாக எழும்பின. என் தங்கை பொய் சொல்லவில்லை என்று முதலில் சொன்னவை அந்தக் கோடுகள்தான்.

"அப்போ எஃப்எம்ஆர்ஐ வீணா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. மூளை அறுவைக்கு முன்னால் பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க அது உதவுகிறது. ஆனால் கணக்குத் தப்பினால் இல்லாததையும் காட்டும். செத்த சால்மன் மீனை அதில் வைத்து, மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரிவதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்களே காட்டினார்கள், மற்றவர்களை எச்சரிப்பதற்காக.

"அறிவியலைப் பரப்புகிறவரைக் குறை சொல்லலாமா?" என்று நண்பர்களே கேட்கிறீர்கள். அதுதான் வலிக்கிறது. அந்த மண்டபத்தில் பிள்ளைகளோடு எத்தனை அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்! அதில் ஒருத்தர் வீட்டில் 'ஸ்கேன் நார்மல்' என்ற காகிதம் இருந்தால், இன்று அந்தப் பிள்ளைக்கு என்ன பேச்சு விழுந்துகொண்டிருக்கும்?

ஐயா, என்னை உட்கார வைத்ததற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடுத்த மேடையில் திரும்பப் பெறுங்கள்.