மெஷ் போடுவதற்கு முன் ஒரு புலம்பல்
ஒரு பொருள் விசையை எப்படித் தாங்கும் என்று கணினியில் கணக்கிட, அதன் வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பதுதான் மெஷ். அதற்காக வடிவமைப்புப் பிரிவிலிருந்து வரும் ஒவ்வொரு கேட் (CAD, கணினி வடிவமைப்பு) கோப்பிலும் போல்ட்டின் மரை முதல் மூடியில் பொறித்த பெயர் வரை அனைத்தும் அப்படியே இருக்க, கணக்குக்குத் தேவையில்லாத இவற்றை நீக்கித் தரச் சொன்னால், "அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளாதா?" என்கிறார்கள். பார்த்துக்கொள்ளாது. மோதல் பகுப்பாய்வில், 0.2 மி.மீ. ஆழமுள்ள ஓர் எழுத்தின் ஓரத்தில் நுணுகிப்போன ஒற்றை எலிமெண்ட்டே, அதாவது மெஷ்ஷின் ஒரு துண்டே, முழுக் கணக்கின் டைம் ஸ்டெப்பையும் (கணக்கு ஒவ்வொரு படியிலும் முன்னேறும் நேர அளவையும்) தீர்மானித்துவிடும். அதன் அளவு பாதியானால் டைம் ஸ்டெப்பும் ஏறக்குறையப் பாதியாகும்; கணக்கு முடிய அவ்வளவு கூடுதல் படிகள் வேண்டும். சரி, தானியங்கி நீக்கத்தை நம்பலாமென்றால், அது அந்த எழுத்தை விட்டுவிட்டு, தகைவு (பரப்பளவுக்கான உள்விசை) குவியும் உள்மூலையின் ஃபில்லெட்டை, அதாவது கூர்மையைத் தணிக்கும் வளைவை, அழித்துவைக்கிறது; பிறகு அந்தக் கூர்மூலையில் மெஷ்ஷை நெருக்க நெருக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகிறது. வடிவத்தில் மயிரிழை அகலமே உள்ள பரப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி இணைப்பதிலேயே பொழுது கழிகிறது; அறிக்கையிலோ இதற்கு ஒரு வரிகூட இடமில்லை.