தாகப் பட்டையைத் தூக்கிவிடுங்கள்

காட்டிலோ பனியிலோ உயிர் பிழைப்பதே ஆட்டமாக இருக்கும் சர்வைவல் கேம்களில் தண்ணீர் வரும் இடமெல்லாம் எனக்கு எரிச்சல்தான். திரை மூலையில் ஒரு நீலப் பட்டை. அது காலியானதும் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு பட்டனை நாலு தட்டு தட்டினால் நிரம்பிவிடும். இதை இன்னும் ரியலிஸ்டிக் ஆக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் அந்தப் பட்டையை இன்னும் வேகமாக இறக்குகிறார்கள், அவ்வளவுதான். அரை மணி நேரம் குடிக்காவிட்டால் சாவு. எந்த ஊர் உடம்பு இது?

வெயில் கொளுத்தாத இடத்தில் தண்ணீரே இல்லாமல் மனிதன் சுமார் 3 நாள் தாங்குவான். ஆனால் உடல் எடையில் 2 சதவீத அளவுக்கு நீர் இழந்தாலே உழைக்கும் திறன் சரியத் தொடங்கும். கேமில் வர வேண்டியது இந்தச் சரிவுதான். மூச்சு சீக்கிரம் வாங்கட்டும், குறி தவறட்டும், மலையேற்றம் இழுக்கட்டும். கடும் வெயிலில் ஓடுகிறவனுக்கு மணிக்கு 1 லிட்டருக்கு மேலும் வியர்க்கலாம். நிழலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அதே வேகத்தில் பட்டை இறங்கினால் என்ன அர்த்தம்?

அப்புறம் பாத்திரம். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. எதில் மொள்வது, எவ்வளவு சுமப்பது, அதற்காக எதை விட்டுவிட்டுப் போவது? சுவாரசியமே இங்கேதான் இருக்கிறது. 'தி லாங் டார்க்' என்ற கேம் இதை நன்றாகப் பிடித்திருக்கிறது: பனியை உருக்கி, பிறகு கொதிக்க வைக்க வேண்டும், நெருப்பும் நேரமும் செலவாகும். இயற்பியலும் அதன் பக்கம்தான். 0 டிகிரி பனியை உருக்க மட்டுமே ஆகும் வெப்பம், அந்த நீரை 80 டிகிரி வரை சூடாக்கப் போதும். தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் கிருமிகள் செத்துவிடும், 2000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம். உப்பும் ரசாயனமும் மட்டும் அப்படியே இருக்கும். இதைக் கண்டுகொள்ளும் கேம்கள் குறைவு.

நோய் விஷயத்தில்தான் பெரிய கூத்து. குடித்த மறு நொடி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். நிஜத்தில் காலரா தலைகாட்ட 12 மணி நேரம் முதல் 5 நாள் வரை ஆகலாம். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி பெரும்பாலும் 1, 2 வாரம் எடுத்துக்கொள்ளும். பாட்டிலில் 'அசுத்த நீர்' என்று லேபிள் ஒட்டிக் கொடுப்பது அதைவிட மோசம். தெளிந்த ஓடை, மேலே என்ன செத்துக் கிடக்கிறதோ தெரியாது, தாகமோ தாங்கவில்லை. அந்தத் தவிப்பை லேபிள் கொன்றுவிடுகிறது.

சரி, நோய் தாமதமாக வந்தால் பிளேயருக்குக் காரணம் புரியாதே, அநியாயம் என்று கேமை மூடிவிடுவானே என்பார்கள். நியாயமான கேள்விதான். காலத்தைச் சுருக்கலாம்: இன்று குடித்தது கேமின் நாளைய நாளில் தாக்கட்டும். கூடவே கதாபாத்திரத்துக்கு ஒரு டைரி கொடுங்கள். 'பாலத்துக்குக் கீழே, கொதிக்க வைக்காமல், இரண்டு மடக்கு.' காய்ச்சலோடு புரட்டிப் பார்க்கிறவன் தானே கண்டுபிடித்துக்கொள்வான்.

இவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் தாகத்தையே விட்டுவிடலாம். மைன்கிராஃப்ட்டில் பசி உண்டு, தாகம் கிடையாது. அதனால் யாரும் அதை விளையாடாமல் இருக்கவில்லையே.