பந்தைத் தொடாதவரின் வர்ணனை

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக, ஆடியவர்களே சிறந்த வர்ணனையாளர்கள் என்கிறது உங்கள் கட்டுரை. டான் டீர்டார்ஃபை எப்படி மறந்தீர்கள்? செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 1971 முதல் 1983 வரை ஆடியவர், பெரும்பாலும் ரைட் டேக்கிள், அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையின் வலது ஓர ஆள். 1975-இல் அந்த முன்வரிசை 14 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 8 சேக் (பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) மட்டுமே. அன்றைக்கு அது லீக் சாதனை.

முன்வரிசையில் ஆடும் லைன்மேனின் கண் பந்தின் மேல் இருக்காது, எதிராளியின் இடுப்பிலும் தோளிலும் இருக்கும். ஒரு சேக் விழுந்தால் நாம் குவார்ட்டர்பேக்கைத் திட்டுகிறோம். பல நேரம் கோளாறு வேறு இடத்தில். எதிரணித் தடுப்பாளர்கள் இருவர் குறுக்கே பாய்ந்து தடம் மாற்றுவார்கள்; அதை ஸ்டன்ட் என்பார்கள். அப்போது டேக்கிளும் அவருக்கு உள்பக்கம் நிற்கும் கார்டும் ஆளைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் ஆளையே துரத்திப் போனால் நடுவில் வழி திறந்துவிடும். இன்னொன்று: டேக்கிள் தோளைச் சீக்கிரமே வெளிப்பக்கம் திருப்பினால், எதிராளி உள்பக்கம் வெட்டி நுழைவார். பிறகு சட்டையைப் பிடிப்பதுதான் மிச்சம். ஹோல்டிங், 10 கெஜம் தண்டனை. ரீப்ளேயில் இதைக் காட்டி விளக்க, அங்கே நின்று அடிபட்டவர் வேண்டும்.

டீர்டார்ஃப் 1987-இல் ஏபிசி தொலைக்காட்சியின் திங்கள் இரவு ஆட்டத்துக்கு வர்ணனையாளராக வந்தார், 1999-இல் சிபிஎஸ் தொலைக்காட்சி. பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்டங்களுக்கு வானொலி. உடன் பேசிய ஜிம் பிராண்ட்ஸ்டாட்டரும் மிச்சிகனின் பழைய லைன்மேன். படமே இல்லாத ஊடகத்தில் இரண்டு லைன்மேன்கள், 2021 வரை!