மாதத் தவணைக் கடையில் மார்ச் 3

(மதுரை மேலமாசி வீதிப் பக்கம், தவணைக்குக் கிரைண்டர், மிக்சி விற்கும் கடை. மாமா கல்லாவில். அக்கா மகன் கம்ப்யூட்டர் முன்னால்.)

மாமா: மாப்ளே, ஜனவரி 31-இல் ஒரு அம்மா கிரைண்டர் எடுத்தது. ஒரு மாதத் தவணைக்குச் சீட்டில் மார்ச் 3 என்று அடித்திருக்கிறது. பிப்ரவரி எங்கே போச்சு?

மாப்ளே: ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் மாதத்தை ஒன்று கூட்டினேன் மாமா. அது பிப்ரவரி 31 என்று எடுத்துக்கொள்ளும். 2025-இல் 28 நாள்தானே, மிச்ச மூன்றையும் மார்ச்சில் தள்ளிவிடும்.

மாமா: மூன்று நாள் என் பணம் சும்மா கிடக்கணுமா?

மாப்ளே: இனி கணக்கைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம், மைஎஸ்க்யூஎல், அதையே கூட்டச் சொல்கிறேன். அது 28-இல் நின்றுவிடும்.

மாமா: எங்கப்பா பேரேடும் அங்கேதான் நிற்கும். கரண்டுகூட வேண்டாம். அப்புறம், பாக்கிக்காரர்களைத் தேதிப்படி வரிசைப்படுத்தினால் 02-02-2025 மேலே, 15-01-2025 கீழே நிற்கிறதே?

மாப்ளே: தேதியை எழுத்தாகச் சேமித்திருக்கிறது. எழுத்து வரிசையில் 02 முந்தி, 15 பிந்தி.

மாமா: சேமித்திருக்கிறதா, சேமித்தாயா?

மாப்ளே: தேதிக்கென்றே இருக்கும் டேட் வகைக்கு மாற்றிவிடுகிறேன். உள்ளே 2025-02-28, வருடம் முதலில். சீட்டில் மட்டும் நம்ம பழக்கப்படி.

மாமா: நேற்று ஒருவருக்கு 28-ஆம் தேதிக் கெடுவை 27 என்று காட்டியதே?

மாப்ளே: நேரத்தோடு சேமித்ததால் வந்த வினை. கம்ப்யூட்டர் அதை லண்டன் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிட்டது. நம்ம ஊர் நள்ளிரவு, கிரீன்விச் கணக்கில் முந்தின நாள் சாயங்காலம் 6.30.

மாமா: கிரீன்விச்காரன் நம்ம கடையில் மிக்சி வாங்கினானா?

மாப்ளே: இனி தேதி மட்டும்தான், நேரமே கிடையாது. இன்னும் சொன்னால் கெடு தேதியைச் சேமிக்கவே வேண்டாம். வாங்கிய தேதி இருக்கிறது, கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

மாமா: நல்லா இருக்கே! நாளைக்கே நான் தவணையை இரண்டு மாதமாக்கினால், பழைய கெடு எல்லாம் தானாக நகர்ந்துவிடுமே. சீட்டில் அடித்ததுதான் பேச்சு. அதை அப்படியே எழுதி வை.

மாப்ளே: (யோசித்து) சரிதான். கெடு தேதியைச் சேமிக்கிறேன், எத்தனை நாள் தாமதம் என்பதை மட்டும் அன்றன்றைக்குக் கணக்குப் பார்க்கிறேன்.

மாமா: பின்னே, அதை எழுதி வைத்தால் மறுநாளே பொய்யாகிவிடும். இன்றைக்கு மார்ச் 2. அந்த அம்மாவுக்கு போன் போட்டு, கெடு தாண்டியாச்சு என்று சொல்.

மாப்ளே: சீட்டில் என்ன அடித்திருக்கிறது மாமா?

மாமா: மார்ச்... டேய்!